பூச்சு பூசிய நானோ துகள்களில் மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீமோ சீட்டில் "லிப்போசோமல்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இது என்ன புது மருந்தா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கோவிட் தடுப்பூசியில் இருந்த கொழுப்புத் துகள் இன்னும் உடம்புக்குள் சுற்றுகிறதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இருவர் கேட்பதும் ஒரே முறையைப் பற்றித்தான். மருந்தை மிகச் சிறிய துகளுக்குள் வைத்து, துகளின் மேல் ஒரு பூச்சு கொடுத்து, உடலுக்குள் அனுப்புகிறார்கள்.

நானோ துகள் என்பது எவ்வளவு சிறியது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். மருந்து சுமக்கும் துகள்கள் பெரும்பாலும் 50 முதல் 200 நானோமீட்டருக்குள் இருக்கும். ரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு சுமார் 7,500 நானோமீட்டர். அதன் குறுக்கே 100 நானோமீட்டர் துகள்களை வரிசையாக அடுக்கினால் 75 பிடிக்கும்.

இந்த அளவை விதித்தது நம் உடல். சுமார் 5.5 நானோமீட்டருக்குக் கீழே போனால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். 200-ஐத் தாண்டினால் மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் சிக்கும். நடுவில் உள்ள இடைவெளியில்தான் வேலை செய்ய முடியும்.

மருந்தை நேராகவே ஊசியில் போட்டால் என்ன?

பெரும்பாலான மருந்துகளுக்கு அதுவே போதும். துகளுக்குள் வைக்கும் சிரமம் சில மருந்துகளுக்கு மட்டும்தான் தேவைப்படுகிறது.

முதலாவது, போகக் கூடாத இடத்துக்கும் போய்க் கெடுக்கும் மருந்துகள். டாக்ஸோரூபிசின் நல்ல புற்றுநோய் மருந்து, ஆனால் இதயத் தசையைப் பாதிக்கும். அதனால் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் சேர்த்து இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. புற்றுநோய் திரும்பி வந்தாலும், வரம்பு முடிந்துவிட்டால் அந்த மருந்தை மறுபடி தொடத் தயங்குவார்கள்.

இரண்டாவது, தண்ணீரில் கரையாத மருந்துகள். பாக்ளிடாக்சல் அப்படிப்பட்டது. அதை ஊசியில் ஏற்ற, ஆமணக்கெண்ணெயிலிருந்து தயாரித்த ஒரு கரைப்பானில் கலந்தார்கள். அந்தக் கரைப்பானே பலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பியது. 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆல்புமின் வகையில் கரைப்பானே கிடையாது. நம் ரத்தத்தில் இயல்பாக இருக்கும் ஆல்புமின் புரதத்தோடு மருந்தைச் சேர்த்து, 130 நானோமீட்டர் அளவுத் துகள்களாக ஆக்கிவிட்டார்கள்.

மூன்றாவது, உடையும் பொருள்கள். ஆர்.என்.ஏ. என்ற மரபுச் செய்தி மூலக்கூறை வெறுமனே ரத்தத்தில் விட்டால் நொதிகள் நிமிடங்களில் நறுக்கிவிடும். அதற்கு உறை இல்லாமல் வழியே இல்லை.

துகள் இருந்தால் போதாதா? அதன் மேல் பூச்சு எதற்கு?

இந்தத் துறையின் கதை முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1960-களின் முதல் பாதியில் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாமில், ஆலெக் பாங்கம் குழுவினர் ஒன்றைக் கவனித்தார்கள். செல்லின் சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிட் கொழுப்பைத் தண்ணீரில் கலந்தால் அது தானாகவே மூடிய சிறு பைகளாகிக்கொள்கிறது. அந்தப் பைகள்தான் லிப்போசோம். உள்ளே மருந்தை வைத்து அனுப்பலாமே என்ற எண்ணம் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் ஊசியில் ஏற்றிப் பார்த்தபோது பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய் அடைந்துவிட்டது.

காரணம் இதுதான். வெளியிலிருந்து வந்த எந்தப் பரப்பு ரத்தத்தில் இறங்கினாலும் சில நொடிகளில் ரத்தப் புரதங்கள் அதன் மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆல்புமின், ஃபைப்ரினோஜன், ஆன்டிபாடிகள், காம்ப்ளிமென்ட் என்ற நோயெதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் அதில் உண்டு. இவற்றில் சில, "இது அந்நியன், விழுங்கு" என்று மேக்ரோஃபேஜ் செல்களுக்குச் சொல்லும் அடையாளங்கள். கல்லீரலின் நுண்குழாய்ச் சுவர்களில் குப்ஃபர் செல்கள் என்ற மேக்ரோஃபேஜ்கள் இதற்காகவே உட்கார்ந்திருக்கின்றன. ரத்தம் அவற்றைக் கடந்துதான் போக வேண்டும்.

இதற்கு முதலில் கிடைத்த நல்ல விடை பெக். முழுப்பெயர் பாலிஎத்திலீன் கிளைக்கால். தண்ணீரை மிகவும் விரும்பும் நீண்ட சங்கிலி மூலக்கூறு இது. துகளின் மேல் இதை அடர்த்தியாக நட்டால் ஒவ்வொரு சங்கிலியும் தன்னைச் சுற்றி நீர்ப்படலம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். புரதங்கள் நெருங்கி ஒட்ட இடம் குறைகிறது. அடியோடு நிற்பதில்லை, குறைகிறது, அவ்வளவுதான். அந்தக் குறைவே பெரிய வித்தியாசம் செய்கிறது. ஊசியில் ஏற்றிய சாதாரண டாக்ஸோரூபிசின் ரத்தத்திலிருந்து திசுக்களுக்குள் பரவ நிமிடங்கள்தான் ஆகும். பெக் பூசிய லிப்போசோமில் அடைத்ததன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரம், இரண்டு மூன்று நாள். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்ஸில் இந்த வகைதான். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கப்போசி சார்கோமாவுக்காக அது முதலில் அனுமதிக்கப்பட்டது.

உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். உடலுக்கோ உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. அது தொட்டுப் பார்ப்பது வெளிப்பூச்சை மட்டும்தான். துகள் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது, யாரிடம் மாட்டுகிறது என்பதில் பெரும்பங்கு பூச்சுக்குத்தான்.

பெக் தவிர வேறு பூச்சுகள் உண்டா?

நிறைய உண்டு. இரும்பு ஆக்சைடு துகள்களுக்கு டெக்ஸ்ட்ரான் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளைப் பூசுகிறார்கள். சிறுநீரகக் கோளாறோடு வரும் ரத்தசோகைக்கு 2009-ல் அனுமதிக்கப்பட்ட ஃபெருமோக்ஸிடால் அந்த வகை. பாக்ளிடாக்சலுக்கு ஆல்புமின் என்பதை மேலேயே பார்த்தோம்.

எனக்கு மிகவும் பிடித்தது 2011-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லியாங்ஃபாங் ஜாங் குழு செய்தது. சிவப்பணுக்களிலிருந்து உள்ளிருப்பதை நீக்கி, மிஞ்சிய சவ்வை எடுத்து மக்கும் பாலிமர் துகளின் மேல் போர்த்தினார்கள். சிவப்பணுவின் மேற்பரப்பில் சி.டி.47 என்ற புரதம் உண்டு. மேக்ரோஃபேஜிடம் "என்னை விழுங்காதே" என்று சொல்லும் புரதம் அது. செயற்கையாக ஒரு வேஷம் தயாரிப்பதற்குப் பதில் உடலிலேயே இருக்கும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டார்கள். எலிகளில் நன்றாக வேலை செய்தது. அப்புறம் பிளேட்லெட் சவ்வு, வெள்ளணுச் சவ்வு என்று இந்த வழி கிளைவிட்டிருக்கிறது.

மேக்ரோஃபேஜிடம் பிடிபடுவது எப்போதும் கெட்டதா?

இல்லை. காலா அசார் நோயின் ஒட்டுண்ணி வாழும் இடமே கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் உள்ள மேக்ரோஃபேஜ் செல்கள்தான். அங்கே லிப்போசோமல் ஆம்போடெரிசின் பி என்ற மருந்து பிடிபடுவது வசதியாகப் போய்விடுகிறது. மருந்தைக் கிருமியின் வீட்டுக்குள்ளேயே உடல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த லிப்போசோமில் பெக் கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஃபெருமோக்ஸிடாலும் அப்படித்தான். மேக்ரோஃபேஜ் அதை விழுங்கி, சர்க்கரைப் பூச்சை உரித்து, இரும்பை உடலின் சேமிப்பில் சேர்க்கிறது.

மருந்தைத் துகளுக்குள் எப்படி அடைக்கிறார்கள்?

டாக்ஸிலின் வழி அழகானது. முதலில் லிப்போசோமின் உள்ளே அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை வைத்து, வெளியே இருப்பதை நீக்கிவிடுகிறார்கள். பிறகு வெளியே டாக்ஸோரூபிசினைச் சேர்த்தால் மின்னூட்டமில்லாத மூலக்கூறுகள் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். உள்ளே போனதும் மின்னூட்டம் ஏறி, சல்ஃபேட்டோடு சேர்ந்து படிகமாகிவிடும். எலிப்பொறிதான்: உள்ளே போகலாம், திரும்ப முடியாது. இப்படி ஒரு துகளுக்குள் 10,000 முதல் 15,000 மருந்து மூலக்கூறுகள் வரை சேர்கின்றன.

துகள் புற்றுநோய்க் கட்டியைத் தேடிப் போகுமா?

போகாது. விளம்பரப் படங்களில் துகள் ஏவுகணை மாதிரி வளைந்து போய் கட்டியைத் தாக்கும். உண்மையில் அதற்குக் கண்ணும் இல்லை, இன்ஜினும் இல்லை. ரத்தம் போகும் இடமெல்லாம் போகும், அவ்வளவே.

அப்படியானால் கட்டியில் எப்படிச் சேர்கிறது? 1986-ல் ஜப்பானின் மட்சுமுராவும் மயேதாவும் ஒரு விளக்கம் தந்தார்கள். அவசரமாக வளரும் கட்டியின் ரத்தக்குழாய்கள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்காது, இடைவெளிகள் இருக்கும். பெரிய மூலக்கூறுகளும் துகள்களும் அந்த வழியாகக் கசியும். நிணநீர் வடிகாலும் சரியில்லாததால் கசிந்தது அங்கேயே தங்கும். எலிகளில் இது பிரமாதமாகத் தெரிந்தது. மனிதக் கட்டிகளில் ஆளுக்கு ஆள் மாறுகிறது, ஒரே ஆளின் இரண்டு கட்டிகளுக்குள்ளும் மாறுகிறது. டொரொன்டோவில் வாரன் சான் குழு, பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் கணக்குப் பார்த்தது. ஏற்றிய துகள்களில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது, இடைநிலை மதிப்பில், வெறும் 0.7 சதவீதம். அதே குழு 2020-ல் இன்னொன்றும் சொன்னது. அவர்கள் பார்த்த எலிக் கட்டிகளில் பெரும்பாலான துகள்கள் இடைவெளி வழியாகக் கசியவில்லை, ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களே அவற்றை உள்ளே எடுத்துக் கடத்திவிட்டன. முப்பது ஆண்டாகப் பாடமாகச் சொல்லிவந்த விளக்கமே அசைந்துவிட்டது.

0.7 சதவீதம்தான் என்றால் என்ன பிரயோஜனம்?

நியாயமான கேள்வி. ஆனால் சாதாரண கீமோ மருந்திலும் கட்டிக்குப் போவது சிறு பங்குதான். எவ்வளவு கட்டிக்குப் போனது என்பதை மட்டும் பார்க்காமல், எவ்வளவு இதயத்துக்குப் போகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான இதயத்தின் ரத்தக்குழாய்ச் சுவர் நெருக்கமானது. 100 நானோமீட்டர் துகள் எளிதில் அதைத் தாண்டாது. இதுவரை வந்த பல நானோ மருந்துகள் நோயைக் கூடுதலாக அடித்ததால் வென்றவை அல்ல, நோயாளியைக் குறைவாக அடித்ததால் வென்றவை. இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. சிகிச்சையில் இருப்பவருக்கு அது பெரிய விஷயம்.

விதிவிலக்கும் உண்டு. 2017-ல் வந்த விக்ஸியோஸ் என்ற தயாரிப்பு, சைட்டராபின், டானோரூபிசின் என்ற இரண்டு மருந்துகளையும் 5-க்கு 1 என்ற மூலக்கூறு விகிதத்தில் ஒரே லிப்போசோமில் வைக்கிறது. ஒருவகைத் தீவிர ரத்தப் புற்றுநோய் வந்த முதியவர்களிடம், அதே மருந்துகளைத் தனித்தனியாகக் கொடுத்ததைவிட இது ஆயுளை நீட்டியது. இடைநிலை ஆயுள் சுமார் 6 மாதத்திலிருந்து ஒன்பதரை மாதமானது. ஒரே செல்லுக்கு இரண்டும் சரியான விகிதத்தில் போய்ச் சேரவேண்டும் என்பதே அதன் பின்னால் உள்ள எண்ணம்.

பூச்சின் மேல் ஆன்டிபாடியை ஒட்டினால் இலக்கைப் பிடிக்காதா?

ஆய்வுக்கூடத் தட்டில் பிடிக்கும். ரத்தத்தில் கதை வேறு. புற்றுநோய் செல்கள் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தை அதிகம் இழுத்துக்கொள்ளும் என்பதால் அதைத் துகளின் மேல் ஒட்டிப் பார்த்தார்கள். ரத்தச் சீரத்தில் வைத்ததும் மற்ற புரதங்கள் மேலே படிந்து அதை மறைத்துவிட்டன, இலக்கைப் பிடிக்கும் திறன் போய்விட்டது என்று 2013-ல் ஒரு ஆய்வு காட்டியது. தவிர, இலக்கு அடையாளம் வேலை செய்வது துகள் செல்லுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான். பக்கத்தில் வரவைக்க அதனால் முடியாது.

போய்ச் சேர்ந்த பிறகு மருந்து எப்படி வெளியே வருகிறது?

பல துகள்களில் மெல்லக் கசிந்துதான். வேண்டிய இடத்தில் மட்டும் திறக்கும் துகள்களுக்கு முயற்சி நிறைய நடக்கிறது. ரத்தத்தின் பி.எச். 7.4 (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும்). செல் எதையாவது விழுங்கி வைக்கும் எண்டோசோம் பைக்குள் அது 5, 6 வரை இறங்கும். இந்த வித்தியாசத்தில் உடையும் பூச்சுகள் உண்டு. வெப்பத்தில் திறப்பவையும் உண்டு. கட்டியைச் சுமார் 40 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் உருகித் திறக்கும் லிப்போசோம் ஒன்று கல்லீரல் புற்றுநோயில் பெரிய மூன்றாம் கட்டச் சோதனை வரை வந்து, 2013-ல் எதிர்பார்த்த பலனைக் காட்டாமல் போனது.

கோவிட் தடுப்பூசியில் இருந்ததும் இதுதானா?

உறவுதான். ஃபைசர், மாடர்னா இரண்டிலும் எம்.ஆர்.என்.ஏ. கொழுப்பு நானோ துகளுக்குள் இருந்தது. அதில் நான்கு சரக்கு: அமிலத்தில் மின்னூட்டம் ஏறும் ஒரு கொழுப்பு, ஒரு பாஸ்போலிப்பிட், கொலஸ்ட்ரால், பெக் இணைத்த கொழுப்பு. முதலாவதுதான் நாயகன். ரத்தத்தில் ஏறத்தாழ மின்னூட்டமில்லாமல் சாதுவாக இருக்கும். எண்டோசோமின் அமிலத்தில் நேர்மின்னூட்டம் ஏறி, பையைக் கிழித்து ஆர்.என்.ஏ.வை வெளியே விடும். பெக், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பார்த்துக்கொள்கிறது. உடலுக்குள் போனதும் அது உதிர வேண்டும். உதிராவிட்டால் செல்லுக்குள் நுழைவதையே தடுக்கும். அதனால் உதிரும்படி குட்டையான வால் கொண்ட பெக் கொழுப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்தத் தொழில்நுட்பம் 2020-ல் திடீரென்று வந்ததல்ல. 2018-லேயே பட்டிசிரான் என்ற ஆர்.என்.ஏ. மருந்து, நரம்புகளைச் சிதைக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு இதே வகைத் துகளில் அனுமதி பெற்றது. அதில் ஒரு சுவாரசியம். பெக் உதிர்ந்ததும் ரத்தத்தில் உள்ள அப்போலிப்போபுரோட்டீன் ஈ என்ற புரதம் துகளின் மேல் ஒட்டுகிறது. அதைக் கல்லீரல் செல்கள் கொலஸ்ட்ரால் துகள் என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. எதிரி என்று நினைத்த புரதப் படலத்தையே இங்கே வழிகாட்டி ஆக்கிவிட்டார்கள்.

சாதாரண மருந்துக்குப் பதில் லிப்போசோம் வகையை மாற்றிக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பெயர் ஒன்று, நடத்தை வேறு. சாதாரண ஆம்போடெரிசின் பி-யை நாளுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது. மீறினால் இதயமும் மூச்சும் நிற்கலாம். லிப்போசோம் வகையின் வழக்கமான அளவே கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலுக்கு ஒரே தடவையாகக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கொடுக்கும் முறையை 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. சீட்டில் ஒரு சொல் விடுபட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் குழப்பத்தால் உயிர் போன நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

இன்னொன்று: லிப்போசோமல் ஆம்போடெரிசினை சலைனில் கலக்கக் கூடாது, டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். உப்பு பட்டால் திரியும்.

பூச்சினால் பக்கவிளைவு உண்டா?

உண்டு. பெக் லிப்போசோமல் டாக்ஸோரூபிசினில் இதயப் பாதிப்பு குறைகிறது, ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து, எரிந்து, தோல் உரிவது அதிகம். ரத்தத்தில் நீண்ட நேரம் சுற்றுவதால் தோலுக்கும் போய்ச் சேர்கிறது. ட்ரிப்ஸ் போட்ட முதல் சில நிமிடங்களில் முகம் சிவப்பது, மூச்சு முட்டுவது, முதுகு வலிப்பதும் நடக்கலாம். காம்ப்ளிமென்ட் புரதங்கள் துகளைப் பார்த்துக் கிளம்புவதே இதற்கு முக்கியமான காரணம். அதனால்தான் முதல் டோஸை மிக மெதுவாகத் தொடங்குகிறார்கள். நர்ஸ் வேகத்தைக் கூட்டவில்லையே என்று அவசரப்பட வேண்டாம். ஃபெருமோக்ஸிடாலுக்குக் கடும் ஒவ்வாமை காரணமாக 2015-ல் அமெரிக்காவில் கட்டம் கட்டிய எச்சரிக்கையே வந்தது.

பெக் விஷயத்தில் இன்னொரு தலைவலி. அழகுசாதனங்களிலும் மலமிளக்கிகளிலும் பெக் இருப்பதால், அதற்கு எதிரான ஆன்டிபாடி பலர் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஒளித்து வைக்கப் பூசிய பூச்சே காட்டிக்கொடுக்கத் தொடங்கினால், இரண்டாவது டோஸ் முதலாவதைவிட வேகமாக ரத்தத்திலிருந்து துடைக்கப்படும். விலங்குகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். மாற்றுப் பூச்சுகளைத் தேடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

துகள் உடம்பிலேயே தங்கிவிடுமா?

எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. பாஸ்போலிப்பிடும் கொலஸ்ட்ராலும் நம் செல்களிலேயே இருப்பவை, உடல் அவற்றைப் பிரித்துப் பயன்படுத்திக்கொள்ளும். பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமர் லாக்டிக் அமிலமாகவும் கிளைக்காலிக் அமிலமாகவும் உடைகிறது. தங்கம் மாதிரி உலோகத் துகள்கள் உடைவதில்லை, கல்லீரலில் நீண்ட காலம் கிடக்கும்.

மாத்திரையாகக் கொடுக்க முடியாதா?

கஷ்டம். வயிற்று அமிலம், செரிமான நொதிகள், சளிப்படலம், குடல் சுவர் எல்லாவற்றையும் துகள் முழுசாகத் தாண்டியாக வேண்டும்.

மூளைக்குள் அனுப்ப முடியுமா?

மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் உடலிலேயே கண்டிப்பான வாசல். 1990-களில் ஜெர்மனியின் யோர்க் குரோய்ட்டர் குழு, பாலிசார்பேட் 80 பூசிய துகள்களால் எலியின் மூளைக்குள் மருந்தைச் சேர்த்துக் காட்டியது. அங்கேயும் ரகசியம் ரத்தத்தின் அப்போலிப்போபுரோட்டீன்களைப் பூச்சு இழுத்துக்கொண்டதுதான். அதை மனிதர்களுக்கான மருந்தாக்குவது இன்னும் எட்டாக்கனிதான்.

ஜெனெரிக் செய்வது ஏன் சிரமம்?

மாத்திரையில் மூலக்கூறு ஒன்றாக இருந்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது. இங்கே துகளின் அளவு, பூச்சின் அடர்த்தி, உள்ளே படிகத்தின் நிலை, கசியும் வேகம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். 2011-ல் டாக்ஸில் தயாரித்துவந்த ஆலையில் உற்பத்தி நின்றபோது அமெரிக்காவில் கடும் தட்டுப்பாடு வந்தது. 2012-ல் இந்தியாவின் சன் பார்மா தயாரிப்பைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய அனுமதித்தார்கள். அதன் ஜெனெரிக்குக்கு முறையான அனுமதி வந்தது 2013-ல்.

"நானோ" என்று போட்டு விற்கும் சத்துப் பொடிகள்?

மேலே சொன்ன மருந்துகள் எல்லாம் மனிதர்களில் சோதித்து, அனுமதி வாங்கி வந்தவை. பெட்டியில் "நானோ" என்று அச்சடிக்க அந்தச் சோதனை எதுவும் தேவையில்லை. நான் காசு கொடுக்க மாட்டேன்.

சிகிச்சை தொடங்கும் முன் மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

எழுதியிருப்பது சாதாரண வகையா, லிப்போசோம் அல்லது ஆல்புமின் வகையா என்று முழுப்பெயரோடு கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மாறினால் அந்தத் தாளைக் காட்டுங்கள். முன்பு டாக்ஸோரூபிசின் எடுத்திருந்தால் மொத்தம் எவ்வளவு என்ற கணக்கைக் கொடுங்கள், லிப்போசோம் வகையும் அந்தக் கணக்கில் சேரும். ஊசியிலோ மலமிளக்கியிலோ பெக் காரணமாக ஒவ்வாமை வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். ட்ரிப்ஸ் ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். நிறுத்தி, சரியானதும் மெதுவாகத் திரும்பத் தொடங்க முடிவது பெரும்பாலும் உண்டு.